நல்லா இருக்கேன் என்று சொல்லாதீர்கள்

என் வலது முழங்கால் முதலில் சத்தம்தான் போட்டது. தையல் மெஷினை மிதிக்கும்போது நறநறவென்று கேட்கும். மெஷின் என்று நினைத்து அதற்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

வலி வந்த பிறகுதான் சத்தம் யாருடையது என்று தெரிந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், குருத்தெலும்பு (எலும்புகள் உரசாமல் காக்கும் மெத்தை) தேய்ந்தே போய்விட்டது, மூட்டை மாற்ற வேண்டும் என்றார். மகனின் கம்பெனிக் காப்பீடு இருந்ததால் துணிந்தேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாளே வாக்கரைப் (பிடித்து நடக்கும் நான்கு கால் சட்டம்) பிடித்து நடக்கச் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். அடுத்த நாள் மாலை, ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவிலிருந்து ஓர் ஊழியர் வந்தார்.

"நாளைக்கு டிஸ்சார்ஜும்மா. இன்சூரன்ஸ்ல அவ்ளோதான் அப்ரூவல்."

எங்கள் வீடு திருத்தணியில், மாடியில் இருக்கிறது. குறுகலான படி, கைப்பிடி கிடையாது. வாக்கர் அதில் நுழையாது. நான் இன்னும் ஒரு படிகூட ஏறிப் பார்க்கவில்லை. விழுந்தால் புது மூட்டும் போச்சு, நானும் போச்சு.

"எனக்கு ஆபரேஷன் பண்ணது டாக்டரா, இன்சூரன்ஸ்காரனா?" என்று கேட்டேன்.

பாவம், அவர் கோபப்படவில்லை. "நீங்க வலி இல்லாம கீறீங்க, நல்லா நடக்குறீங்கன்னு டாக்டர் குறிப்புல கீதும்மா. அத்த பாத்துதான் அவங்க முடிவு பண்றாங்க."

யார் அப்படிச் சொன்னது? நான்தான். காலையில் மருத்துவர் வந்து "எப்படிம்மா இருக்கீங்க?" என்பார். "ஆங், நல்லாகீறேன் சார்" என்பேன். அறுத்துத் தைத்தவரிடம் வலிக்கிறது என்றால் அவர் கைராசியைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடாதா? எங்கள் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான். அந்த மரியாதை அப்படியே காப்பீட்டுக்காரர்களிடம் போய், என்னை வெளியே தள்ளக் காரணமாகி நின்றது. எனக்கு ஆத்திரம் பொங்கியது.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் பையைக் கட்டி வைத்திருந்தார். "எதுக்கு வம்பு? போயிடலாம்."

"நீ வேணா போயா. நான் வரல."

மருத்துவர் வந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"வலி உயிர் போவுது சார். முட்டி சரியா மடங்கல. வீடு மாடில கீது, நான் ஒரு படி ஏறல. இத்த அப்படியே எழுதுங்க."

"நேத்துகூட நல்லாருக்கேன்னு சொன்னீங்களேம்மா?"

"அது மரியாதைக்குச் சொன்னது சார். இது உண்மை."

அவர் சிரிக்கவில்லை. இயன்முறை சிகிச்சையாளரை (உடற்பயிற்சி கொடுத்து நடக்க வைப்பவர்) அழைத்து, என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். முதல் படியிலேயே கால் நடுங்கிக் கண்ணீர் வந்துவிட்டது. அதையும் மறைக்கவில்லை. நான் சொன்னதையும் படியில் நடந்ததையும் எழுதிக் காப்பீட்டுக்கு அனுப்பினார்கள். காப்பீட்டுக்காரர்கள் ஒருமுறை மறுத்துவிட்டு, மாலையில் வேண்டாவெறுப்பாக மேலும் சில நாளைக்கு அனுமதி தந்தார்கள்.

அந்த நாட்களில் படி ஏறக் கற்றுக்கொண்டேன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுத்த கால் முதலில். நீங்களும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் படி எப்படி இருக்கும் என்று யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களே சொல்லுங்கள்.

ஊருக்கு வந்தபோது, மகனும் கீழ்வீட்டுக்காரரும் என்னைத் தூக்கிப்போக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வாசலில் நின்றார்கள்.

"அத்த எடுத்துகினு போய் மேல போடுங்க. நான் வந்து குந்திக்கறேன்" என்றேன்.

ஒரு கையைச் சுவரில் ஊன்றினேன். மறு கையை மகன் தோளில் வைத்தேன். பாதியில் நின்றேன். முழங்காலுக்குள் இருக்கும் உலோகம் எனக்கு இன்னும் வேற்றாளாகத்தான் இருந்தது. அது கேட்டபோது நின்றேன், அது விட்டபோது ஏறினேன். இத்தனை வருஷம் என் உடம்பை நான் விரட்டியிருக்கிறேன். இனி யாரையும் விரட்ட விடுவதாக இல்லை, நான் உட்பட.

மேலே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது என்று யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் திட்டியிருப்பேன்.