ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. அதனால்தான் இதை எழுதக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

இலங்கை மலையகத்தில், றொசல்லைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓடையை ஆய்வு செய்தேன். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்துக்கு, அந்த ஓடையிலிருந்து குடிதண்ணீர்க் குழாய் போடலாமா என்பது என் அறிக்கையைப் பொறுத்திருந்தது. மக்களும் பங்கெடுக்க வேண்டும் என்பதால், லீவு நாளான ஞாயிறுகளில் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், சோதனைக்குப் போத்தல்களில் தண்ணீர் எடுத்தேன். ஒவ்வொரு வாரமும் சுத்தமான தண்ணீர் என்றே முடிவு வந்தது.

தோட்டத்துக் கூட்டத்தில் அதை வாசித்தபோது, கொழுந்து பறிக்கும் செல்வி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்னக்கா?" என்றேன்.

"ஞாயித்துக்கெழம நல்லாத்தான் இருக்கும் தங்கச்சி. அன்னைக்கு யாரு மருந்தடிக்கிறா? செவ்வாக்கெழம வந்து பாருங்க. மருந்து டாங்கிய எல்லாம் மேல அந்த ஓடையிலதான் கழுவுறாங்க."

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"போத்தல புடிக்கச் சொன்னீங்க, புடிச்சோம். வேற ஒண்ணும் கேக்கலியே!"

எல்லோரும் சிரித்தார்கள். மக்களின் பங்களிப்பைப் பற்றி என் அறிக்கையில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தேன்.

என் அறிக்கை தவறு, குழாய் போட வேண்டாம் என்று அங்கேயே சொன்னேன். செவ்வாய்க்கிழமை செல்வி அக்கா காட்டிய இடத்தில் தண்ணீர் எடுத்தோம். அதில் களைநாசினி இருந்தது.

ஞாயிறுகளில் நான் எடுத்த அளவுகள் எதிலும் பிழையில்லை. அவற்றை நம்பித்தான் பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீரைக் கொடுத்திருப்பேன்.