யாரோ ஒருவரிடமிருந்து

கிண்ணியாவிலிருந்து முட்டையும் தேசிக்காயும் கொண்டுவரும் ஒருவருக்கு நான் சில மாதங்கள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி அது. நான் திருமணமாகித் திருகோணமலைக்கு வந்து, ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியையாக இருந்த காலம். அவர் சிறிய வள்ளமொன்றில் உள்துறைமுகத்துக்குள் போய், நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களின் சமையற்காரருக்கு வாழைக்குலை, இளநீர், முட்டை விற்பவர். மிஞ்சியதை எங்கள் தெருவில் கொடுத்துவிட்டுப் போவார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல், தெருவில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம்.

ஒருநாள் நான் ஊறுகாய்க்கு வாங்கிய தேசிக்காயைச் சுளகில் கொட்டிவிட்டுப் போகாமல் நின்றார்.

"டீச்சர், கப்பல்காரன் கேக்கிறது எனக்கு அரைவாசி விளங்குது. திருப்பிச் சொல்லத்தான் ஏலாமக் கிடக்கு. கொஞ்சம் சொல்லித் தருவீங்களா?"

என் கணவர் தபாற்கந்தோரால் வந்து விறாந்தையில் கதிரையைப் போட்டுப் பேப்பர் படிக்கும் நேரம் பாடம் நடந்தது. அசர் தொழுதுவிட்டு வருவார். கிண்ணியாவுக்குப் போகும் கடைசி மோட்டர் வள்ளத்தைப் பிடிக்க எழும்பி ஓடுவார்.

பொருட்களின் பெயரெல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. சின்னச் சொற்கள்தான் அவரைப் படுத்தின. டு, ஃப்ரம், வித், ஃபோர். தமிழில் ஆருக்கோ, ஆரிட்டயோ, ஆரோடயோ என்று வேற்றுமை சொல்லுக்குள்ளேயே புகுந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் அது முன்னால் வந்து தனியே நிற்க வேண்டும்: டு சம்பொடி, ஃப்ரம் சம்பொடி, வித் சம்பொடி. "பின்னுக்கு இருந்தவன் முன்னுக்கு வந்திட்டான்" என்று அவர் சிரித்தார். பிடித்துப்போய்விட்டது அவருக்கு. தெருவால் பொதியோடு போகிறவரைக் காட்டி "ஃபோர் சம்பொடி" என்பார். என் கணவர் பேப்பரை இறக்கிவைத்துவிட்டு அவரோடு சேர்ந்து சிரிப்பார்.

தவணைப் பரீட்சை நடந்த கிழமையில் ஒருநாள், விடைத்தாள்கள் மடியில் கிடக்க, குசினியில் சோறு பொங்கி வழிய, நானா கேட்டார்: "அப்ப 'ஒருத்தரிட்டயும்' எண்டா என்ன டீச்சர்?"

"ஃப்ரம் எனிபொடி" என்றேன்.

"ஆரிட்டயும்?"

"அதுவும் எனிபொடிதான். இண்டைக்கு இது காணும் நானா."

'நொட்' என்ற சொல் இல்லாவிட்டால் எனிபொடி நேர்மாறாகப் போய்விடும் என்பதை நான் சொல்லவில்லை. தமிழ்க் காதுக்கு 'ஒருத்தரிட்டயும்' என்றாலே இல்லை என்பதும் சேர்ந்து கேட்டுவிடுகிறது. வினைச்சொல் வருமுன்பே எங்களுக்கு விளங்கிவிடும். ஆங்கிலத்தில் அப்படியில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் அடுப்படிக்கு ஓடினேன்.

பிறகு ஒரு காலையில் அவர் கூடை ஒன்றுமில்லாமல் படலையடியில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"துறைமுகத்துக்குள்ள போற பாஸைப் பறிச்சிட்டாங்க டீச்சர்."

முதல்நாள் ஒரு கப்பலில் கம்பளிகள் காணாமற்போயிருக்கின்றன. துறைமுகக் காவல் அதிகாரி வள்ளக்காரர் எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். மற்றவர்கள் தமிழில் சொல்ல, ஒரு பியோன் அதை ஆங்கிலமாக்கியிருக்கிறான். இவர் மட்டும், தனக்கு ஆங்கிலம் தெரியுமென்று, பியோனைக் கையமர்த்திவிட்டுத் தானே பதில் சொல்லியிருக்கிறார்.

"கப்பல் ஆக்களிட்டச் சாமான் எடுக்கிறதா எண்டு கேட்டார். நான் ஒருத்தர்ட்டயும் எடுக்கிறல்ல எண்டு இங்கிலீசில வடிவாச் சொன்னன்."

"என்னெண்டு சொன்னனீங்கள்?"

"ஐ டேக் ஃப்ரம் எனிபொடி, சேர்."

யாரிடமிருந்தும் எடுப்பேன், ஆர் தந்தாலும் எடுப்பேன் என்று அவர் அந்த அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார்.

"எனிபொடியா எண்டு திருப்பிக் கேட்டார். யெஸ் சேர், எனிபொடி எண்டு நெஞ்சை நிமித்திச் சொன்னன் டீச்சர். பக்கத்தில நிண்டவங்க எல்லாம் சிரிச்சாங்க. ஏன் சிரிக்காங்க எண்டு எனக்கு விளங்கல்ல."

பள்ளிக்கூடம் விட்டதும் அவரோடு துறைமுகக் கந்தோருக்குப் போனேன். அதிகாரி மரியாதையாகக் கதிரை காட்டினார். அவருடைய மகள் என் வகுப்பில் படித்தாள். நானாவை யாரும் இருக்கச் சொல்லவில்லை. அவர் கதவோரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்கினேன். தமிழில் இந்தச் சொல் எப்படி இயங்குகிறது, இவர் எதைச் சொல்ல வந்து எதைச் சொல்லிவிட்டார் என்று, வகுப்பில் சொல்வதைவிடத் தெளிவாகச் சொன்னேன். அதிகாரி ஆர்வமாகக் கேட்டார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"இப்படி ஒரு ஆங்கிலத்தை இந்த மனுசன் எங்கே படித்தார்?" என்று ஆங்கிலத்திலேயே கேட்டார்.

"ஃப்ரம் சம்பொடி, சேர்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. யாரோ ஒருவரிடமிருந்து. அதிகாரி தலையாட்டிவிட்டு மேசை லாச்சியைத் திறந்து பாஸை எடுத்தார். நான் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நானா என்னைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இரண்டு சொற்களும் அவருக்கு நன்றாகவே விளங்கும். அவற்றைச் சேர்த்துச் சொல்லப் பழக்கியவளே நான்தான்.

வெளியே வந்து கடற்கரை வீதியால் நடந்தோம். "பெரிய உபகாரம் டீச்சர்" என்றார். துறையடிக்குத் திரும்பும் சந்தியில் பிரிந்து போனார்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "பாஸ் கிடைச்சிட்டுது தானே, இனி என்ன?" என்றார். எங்கே படித்தார் என்ற அதிகாரியின் கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அதிகாரி இன்னும் கொஞ்சம் சிரித்திருப்பார். மகளிடம் சொல்லியிருப்பார். அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்குப் பயந்து, கதவோரம் நின்ற மனிதரின் தலையில் முழு முட்டாள்தனத்தையும் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

அடுத்தநாள் பாடசாலை முடிந்து தனியே போனேன். அதிகாரி எழும்பி வரவேற்றார். நானாவுக்குத் தவறாகச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்றேன். அவர் முதலில் எதைப்பற்றிச் சொல்கிறேன் என்று விளங்காமல் விழித்தார். பிறகு, "ஓ, அந்த முட்டைக்காரனா? அதை விடுங்கள் மிஸ்" என்றுவிட்டு மகளின் புள்ளிகளைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்.

அதோடு பாரம் இறங்கவில்லை. கந்தோரிலிருந்து நேரே துறையடிக்குப் போனேன். நானா வெறும் சாக்குகளை மடித்து மோட்டர் வள்ளத்துக்குள் எறிந்துகொண்டிருந்தார். நான் போய்ச் சொல்லிவிட்டு வந்ததைச் சொன்னேன்.

"என்னத்துக்கு டீச்சர் திரும்பிப் போனீங்க? அவர் நேத்தே மறந்திருப்பார்."

"ஓம், மறந்திட்டார். நீங்கள்?"

இன்னொரு சாக்கை எடுத்து மடித்தார். "நான் மறக்கல்ல. பொய் சொல்லி என்னத்துக்கு? ஆனா கோவமில்ல. நீங்க அண்டைக்கு வராட்டி எனக்குப் பாஸும் இல்ல."

கோபம் இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று அப்போது நினைத்தேன். கோபித்தவரிடம் மன்னிப்புக் கேட்கலாம். இவரிடம் எதைக் கேட்பது?

அதன் பிறகும் அவர் பாடத்துக்கு வந்தார். நொட் எங்கே வரும், நோபொடி எங்கே வரும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். அவரும் பிழையில்லாமல் சொன்னார். ஆனால் தெருவில் போகிறவர்களைக் காட்டி வாக்கியம் அமைக்கும் விளையாட்டு நின்றுவிட்டது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். நானும் அவர் பிழைவிட்டால் உடனே திருத்தக் கூசினேன். என் கணவர் பேப்பரை இறக்குவதில்லை.

மாரி தொடங்கிக் கடல் கொந்தளித்தபோது வரவு நின்றது. மழை விட்ட பிறகு முட்டையோடு வந்தவர் அவருடைய தம்பி.

"நானா தோப்பூருக்குப் போய்ட்டார். மச்சான்ட வயலப் பார்க்கிறார். இப்ப கப்பலும் குறைவுதானே."

கப்பல்கள் குறைந்துதான் இருந்தன. அது எல்லோருக்கும் தெரிந்த விசயம். அதனால்தான் போனார் என்று கணவரும் சொன்னார். நானும் ஓம் என்றேன். தம்பியிடம், நானாவை நான் விசாரித்ததாகச் சொல்லச் சொல்லி, முட்டைகளை உள்ளே எடுத்துக்கொண்டு போனேன்.