கடலைக் கொல்லையில் ஒரு போட்டோ

மலைக்கோயிலில் சாமி கும்பிட்டு இறங்கி, மகளோடு மூன்று பேரும் பொதட்டூர்பேட்டை சாலையில் போகிறோம். "விவசாயம் நம்ம ரத்தத்துலயே ஓடுது" என்று சென்னையிலிருந்தே சொல்லிக்கொண்டு வரும் என் கணவர், ஒரு வேர்க்கடலைக் கொல்லையைக் கண்டதும் காரை ஓரம் கட்டுகிறார். பிடுங்கிப் போட்ட செடிகளைச் சுற்றி உட்கார்ந்து ஏழெட்டுப் பெண்கள் கடலை ஆய்கிறார்கள். நடுவில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

"ஆங், எடுத்துக்கங்க. சும்மா ஏன் குந்திகினு இருக்கணும்? நீங்களும் ஆய்ங்க. பத்துப் படிக்கு ஒரு படி கூலி" என்கிறார் கொல்லைக்கார அம்மா.

எனக்கும் மகளுக்கும் பத்து நிமிடத்தில் கை பழகிவிடுகிறது. கணவர் ஒவ்வொரு கடலையாகத் திருகி எடுத்து, மண்ணை ஊதி, வெயிலில் தூக்கிப் பார்த்துக் கூடையில் வைக்கிறார். போட்டோவில் மட்டும் பரம்பரை விவசாயி மாதிரியே இருக்கிறார்.

அரை மணி கழித்துக் கிளம்புகிறோம். அந்த அம்மா என் துப்பட்டாவில் இரண்டு கை கடலையை அள்ளிப் போடுகிறார்.

"நாளைக்கும் வாம்மா, இன்னும் அரைக் காணி கெடக்குது. பாப்பாவையும் இட்டுகினு வா."

"நானு?" என்கிறார் கணவர்.

அவருடைய கூடையை அந்த அம்மா ஒருமுறை எட்டிப் பார்க்கிறார்.

"நீங்க வண்டியப் பாத்துகினு இருங்க சார்."