முருகேசன் மூடிய பகடை

போன வாரம் பேரப்பிள்ளைகள் தரையில் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் தோற்று அழப்போகிறாள் என்று தெரிந்ததும் பெரியவன் அவள் எண்ணை மாற்றிச் சொன்னான். எனக்கு எங்கிருந்தோ நல்லெண்ணெய் வாசனை வந்தது.

குற்றாலத்தில், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் விற்கும் கடையொன்றின் மாடியில் முருகேசன் குடியிருந்தான். எண்பதுகளின் தொடக்கம். அவன், நான், கனகராஜ் மூவருக்கும் தென்காசியில் ஒரே மரக்கடையில் வேலை. சாரல் பெய்யும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மாடியில் கூடுவோம். பம்பாயில் இருந்த அவன் மச்சான் முருகேசனுக்குச் சொல்லித்தந்த ஆட்டம் ஒன்று இருந்தது. முருகேசன் கதை சொல்வான். கதையில் எங்களுக்கு ஆளுக்கொரு வேஷம். தப்புவோமா சாவோமா என்பதைப் பகடை சொல்லும். வளர்ந்த ஆண்கள் இப்படி விளையாடினோம் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். என் ஆள் வியாபாரி, சண்டை என்றால் முதலில் ஓடுகிறவன். நடிக்கச் சிரமமே இருக்கவில்லை. கனகராஜின் ஆள் மலையில் தேனெடுப்பவன். கனகராஜுக்கோ மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். இதயத்தில் வால்வு கெட்டிருந்தது.

அன்று கதையில் காட்டாற்று வெள்ளம். ஒன்று விழுந்தால் தேனெடுப்பவன் போய்விடுவான். கனகராஜ் உருட்டினான். முருகேசன் சட்டென்று பகடையைக் கையால் மூடி, "நாலு. கரையேறிட்டே" என்றான்.

"கையை எடுலே" என்றான் கனகராஜ்.

ஒன்றுதான் விழுந்திருந்தது.

கனகராஜ் கத்தவில்லை. "டாக்டரு, அம்மை, அக்கா எல்லாரும் சரியாயிரும்னு பொய்தாம்லே சொல்லுதாவ. இங்கனயாவது உள்ளதைச் சொல்லுவேன்னுல்லா வந்தேன்" என்றான்.

தேனெடுப்பவன் எப்படிச் செத்தான் என்பதை முழுக்கச் சொல்லவைத்தான். முருகேசன் அழுதுகொண்டே சொல்லி முடித்தான்.

அந்த ஐப்பசியில், திருநெல்வேலி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கனகராஜ், "நான் பொழைப்பனாலே?" என்று முருகேசனிடம் கேட்டான். அவன் அக்கா முந்திக்கொண்டு, "நாளைக்கு வீட்டுக்குப் போயிரலாம்யா" என்றாள். அவன் முருகேசனையே பார்த்தான்.

"இல்லலே" என்றான் முருகேசன்.

கனகராஜ் அவன் கையை விடாமல் பிடித்திருந்தான். பிறகு அம்மையைக் கூப்பிடச் சொல்லி, பேசவேண்டியதையெல்லாம் பேசினான். மறுநாள் போய்விட்டான்.

"நீ சொல்லித்தாம்லே எந்தம்பி உயிரை விட்டான்" என்றாள் அக்கா, இழவு வீட்டில் அத்தனை பேர் முன்னால். சாகும்வரை அவள் முருகேசனோடு பேசவில்லை. அவன் செய்தது சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அந்த எண்ணெய்க் கடையை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். முருகேசனும் போய்ச் சேர்ந்துவிட்டான். இப்போது நான் ஆஸ்பத்திரிக்கு நடந்துகொண்டிருக்கிறேன். என் நோயைப் பற்றி என்ன கேட்டாலும் டாக்டர் சிரிக்கிறார், மகனும் சிரிக்கிறான். உள்ளதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.