கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசிய அரசு மாளிகை

திருவேட்டக்குடி மீன்காரி கனகத்துக்குப் பஞ்சநாதன் மேஸ்திரி எண்ணூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். எழுபத்தாறில் காரைக்கால் அரசு மாளிகையின் மராமத்து வேலையை எடுக்க முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. அவள் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தாள்.

நெடுங்காட்டில் மூன்றாம் வகுப்போடு நின்றவர் பஞ்சநாதன். கல் சுமந்து மேஸ்திரியானவர். அதைச் சொல்லிக்கொள்ள அவர் கூச்சப்பட்டதே இல்லை. கூச்சப்படுவானேன்?

மாளிகையும் லேசுப்பட்டதா? பிரெஞ்சுக்காரன் தன் அதிகாரி குடியிருக்கக் கட்டியது. முழங்கை நீளத்துக்குக் கனத்த சுவர், உருண்டைத் தூண்கள் தாங்கும் மாடித் தாழ்வாரம், கடற்காற்றை உள்ளே இழுக்கும் ஆள் உயரச் சன்னல்கள், தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய தளம். அவன் போய் நம் கொடி ஏறியும் அது அசையவில்லை.

சிமெண்டு பூசினால் பேரன் காலத்துக்கும் நிற்கும் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் பூசினார். ஐப்பசி மழைக்குப் பிறகு சுவரில் உப்புப் பூத்தது. தை பிறப்பதற்குள் பூச்சு அப்பளம் அப்பளமாகக் கழன்று விழுந்தது. மறுபடி பூசி, அடுத்த மழையையும் தாங்கினால்தான் பில் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

மாளிகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். மாடிப்படிக்குப் பின்னால், அவர் கைபடாத பழைய சுண்ணாம்புப் பூச்சு மட்டும் முட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருந்தது. சுவரின் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டது, சிமெண்டு உள்ளேயே அடைத்துவிட்டது. விளங்கி என்ன செய்ய, கையில் காலணா இல்லை.

கடன் கொடுத்தவளிடமே போய்ச் சுண்ணாம்பு சுடக் கிளிஞ்சல் கேட்டார். கனகம் மீன்கூடையை இறக்கி வைத்தாள்.

"சங்கிலி அடகுக் கடையில கெடக்கு. இப்ப கிளிஞ்சலும் கடனா, மேஸ்திரி அண்ணே?"

"ஆமா தங்கச்சி. சிமெண்டுன்னு வாய் பேசிட்டேன்."

"வாயைக் கொறச்சிக்கிட்டு கையைக் காட்டுங்க. கிளிஞ்சல் வரும்."

குப்பத்துப் பெண்கள் பொறுக்கிய கிளிஞ்சல் மூட்டை மூட்டையாக வந்தது. அதைச் சூளையில் சுட்டு, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு, அவரே சாரத்தில் ஏறிப் பூசினார்.

எழுபத்தேழு ஐப்பசியில் புயல் அடித்தது. தென்னைகள் சாய்ந்தன, கனகத்தின் கூரை பறந்தது. மாளிகைச் சுவரில் ஒரு பொருக்குக்கூட உதிரவில்லை.

பில் பணம் கைக்கு வந்த அன்றே பஸ் பிடித்தார். கனகம் வீட்டுக்குப் புதுக் கீற்று வேய்ந்துகொண்டிருந்தார்கள். அசல், வட்டி, கிளிஞ்சல் விலை என்று கூரை மேலிருந்தவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லிச் சொல்லி, அவள் விரித்த உள்ளங்கையில் நோட்டுகளை எண்ணி வைத்தார்.