வேட்டிக்கு இடமில்லாத ஹோட்டல்

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. பெங்களூர் மில்லில் உழைத்து என்னைப் படிக்க வைத்த அண்ணன் கடலையே பார்த்ததில்லை. அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனேன். கடற்கரையோரம் வெள்ளைக்காரர் காலத்துச் சிறிய ஹோட்டல் ஒன்றில் தங்கினோம்.

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் மேனேஜர் மறித்தார். “வேட்டி கட்டினவங்க உள்ளே வரக்கூடாது. பேன்ட் போட்டிருக்கீங்க, நீங்க வாங்க சார்.”

‘இது யார் நாடு?’ என்று கேட்க நாக்குத் துடித்தது. ஆனால் கேட்கவில்லை.

“எனக்குப் பசியில்லடா. நீ போய் சாப்பிடு,” என்றார் அண்ணன்.

நானும் போய், வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

அறைக்குத் திரும்பியதும், “சாப்பாடு நல்லா இருந்திச்சா?” என்று ஆசையாகக் கேட்டார்.

அந்த மேனேஜர்மீது எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் அண்ணனை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனவன் நான்தான்.