மூன்றாவது இலை

காரணமில்லாமல் வீடு தேடி வந்து நலம் விசாரிப்பவர்களை இன்றைக்கும் நான் நம்புவதில்லை. மந்தின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட அவசரகாலத்தில் வளர்ந்தவளுக்கு அது கூடவே வந்துவிட்ட குணம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. அரிசி அளந்துதான் கிடைக்கும். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யார் சோறு அனுப்புகிறார்கள் என்று ஒவ்வொரு வீடும் பக்கத்து வீட்டு அடுப்பை வேவு பார்த்தது.

எங்கள் அடுப்பைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார்கள். காரணம் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வு கேட்டவர், போலீஸ் தேடி வந்த அன்று காணாமல் போனார். வடக்கே வேலைக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டதாக அம்மா எல்லோரிடமும் சொன்னாள். என்னிடமும் அதையேதான் சொன்னாள். அவர் காட்டில் இருப்பது தெரிந்தால் எங்கள் குடும்பத்தையே லாரியில் ஏற்றிச் சிறை முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

அந்தத் தீபாவளிக்கு முதல் நாள், இறந்தவர்களுக்குப் படையல் போடும் நேரம் பார்த்து, தோட்டத்து ஆட்களை மேய்க்கும் கங்காணி வந்தார். எங்கள் வீட்டு முறுக்கின் மேல் அவருக்கு அப்படி என்ன திடீர்ப் பாசமோ! தாத்தாவுக்கும் பெரியப்பாவுக்குமாக இரண்டு இலை போட்டிருந்தது.

"என்னா தங்கச்சி, தம்பிக்கு எல போடலியா? செத்துட்டான்னு சொன்னியே."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "போடாம இருப்பேனாண்ணே? கருவாடு இன்னும் பொரியல. அது இல்லாம அவனுக்குச் சோறு எறங்காது."

அப்பா ஓடிப்போய் இன்னொரு இலை அறுத்து வந்தார். கருவாட்டைப் பொரித்து வைத்து, சூடம் காட்டி, "வந்து சாப்புடு தம்பி" என்று அம்மா கூப்பிட்டாள். கங்காணி கடைசிவரை நின்று பார்த்துவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு போனார்.

படைத்ததை எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுதான் வழக்கம். ஆசையாகக் கருவாட்டில் கை வைத்தேன். அம்மா பளாரென்று அடித்தாள்.

"அத யாரும் தொடக் கூடாது!"

மூன்றாவது இலையைச் சோற்றோடு சுருட்டிக் கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டாள், அரிசிக்கு அலைந்த அந்தக் காலத்தில்! "அவன் ஆயுசு கெட்டியா இருக்கணும், மாரியாத்தா" என்று முணுமுணுத்தபடி கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். செத்தவருக்கு எதற்கு ஆயுசு? மாமாவின் மேல் அம்மாவுக்கு ஏதோ தீராத கோபம் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன்.

மறுவருடம், தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்பு, காட்டில் சுடப்பட்டவர்களைப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கிடத்தியிருப்பதாகப் பேச்சு அடிபட்டது. பசாருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன அம்மாவும் அப்பாவும் அன்று வெறும் கூடையோடு திரும்பினார்கள். எனக்கு வாங்கிய மிட்டாயை எங்கோ ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று வீடு முழுக்கத் தேடினேன்.

அந்த வருடப் படையலுக்குக் கங்காணி எட்டிப் பார்க்கவில்லை. யாரும் கேட்காமலே அம்மா மூன்று இலை போட்டாள். சூடம் அணைந்ததும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, மூன்றாவது இலையிலிருந்து கருவாட்டைப் பிய்த்துச் சோற்றோடு ஊட்டினாள்.

"சாப்புடு. மாமாவுக்குப் படைச்சது."

ஒருவழியாக மாமாவின் மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். இன்னொரு துண்டு கேட்டேன்.